குழாய்ச் சத்தம்

கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்த மகள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கேள்விக்காரம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

சில வருடங்களுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குப் போய், அதே கேள்விகளைக் கேட்டு, நாடு எப்படி மாறுகிறது என்று பார்க்கிற வேலை அவளுக்கு. மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வருகிறாள். முதலில் அப்பாவைக் கேட்பாள், பிறகு அம்மாவைத் தனியாக. அப்போது அப்பா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். ஒரு வார்த்தை காதில் விழக் கூடாதாம். ஊரையே ஹாரன் அடித்து விரட்டுகிற பஸ் டிரைவர், அந்த நேரம் மட்டும் பெட்டிப்பாம்பு.

அம்மா என்ன சொன்னாள் என்று அவர் கேட்டதே இல்லை. மகள் வாயைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். "அது நானும் அந்தம்மாவும் பேசிக்கறது. உனக்கெதுக்குடி?" என்றுவிடுவாள் அம்மா.

கேள்விக்காரம்மா அம்மாவின் காலருகே உட்கார்ந்தாள். அப்பாவும் நாற்காலியை விட்டு வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"மறுபடி வாழக் கெடச்சா இவரையே கட்டிப்பியான்னு ஒரு கேள்வி வருமே, மேடம்."

"ஆமா சார்."

"என்னைக் கேட்டப்பல்லாம் இவளையேதான்னு சொன்னேன். பேப்பர்ல போட்டிருந்தான். முன்னெல்லாம் பொம்பளைங்கள்ல பத்துக்கு ஒருத்திதான் மாட்டேன்னாளாம். இப்ப நாலு பேராம்." அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "இவ எந்தப் பக்கம்?"

மகள் கேள்விக்காரம்மாவின் வாயையே பார்த்தாள்.

கேள்விக்காரம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "சொல்லக் கூடாது சார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டுத்தான் கேட்டேன்."

"அவதான் போயிட்டாளே."

"வாக்கு இருக்கே சார்."

மகளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்தால் வாயா வலிக்கப் போகிறது?

அப்பா மெல்லத் தலையாட்டினார். "சரிதான். அவ சொன்னது அவளோடயே இருக்கட்டும்."

"நான் கொஞ்ச நேரம் இவங்ககூட உக்காரலாமா சார்?"

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரும் சொல்லாமலேயே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

கேள்விக்காரம்மா போன பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. மகள் கதவைத் தட்டக் கையெடுத்தாள். உள்ளே தண்ணீர்ச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. கையை இறக்கிக்கொண்டாள்.

வாளி நிரம்பி, கதவுக்கடியில் தண்ணீர் கசிந்து கூடத்துக்கு வந்தது. அவள் அம்மாவின் பழைய புடவை ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து கதவோரமாக அணைகட்டினாள். குழாயை மூடச் சொல்லவில்லை.