பாலைவனத்து வீடியோ

அத்தாவின் உடல் இருந்த சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் வாசலைத் தாண்டும்போதுதானா மிஸ்பாவின் செல்போன் அதிர வேண்டும்! அவரைக் கடைசியாகப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவள் திரையைப் பார்த்தாள். 'இப்போ பறக்க விடப் போறாங்க' என்று ராஜஸ்தானிலிருந்து அபிலாஷ் அனுப்பியிருந்தான். டிரோன் கம்பெனிக்காரன். அவள் தலை நிமிர்வதற்குள் சந்தூக்கு தெருமுனை திரும்பிவிட்டது.

பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. தம்பி சஹீர்தான் போயிருந்தான். கூடத்தில் பெண்கள் யாசீன் ஓத உட்கார, மிஸ்பாவும் உட்கார்ந்தாள். மனசு என்னவோ பாலைவனத்தில்தான் கிடந்தது.

அத்தா ரசாக்குக்குச் சிங்காநல்லூரில் மோட்டார் பட்டறை. காலமெல்லாம் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிய மனிதர். இன்ஜினியரிங் முடித்த மகள், "டிரோனுக்கு மோட்டார் செய்யலாங்கத்தா, மிலிட்டரிக்கு!" என்றதும் பச்சைப்பிள்ளையாகத் துள்ளினார். இரண்டு தடவை செய்து சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு தடவையும் ராஜஸ்தான் வெயிலில் காயில் கருகித் திரும்பி வந்தது. இன்று பறக்கும் மூன்றாவதும் கருகினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். நேற்று சோற்றுத்தட்டின் முன்னால்கூட, "கருகாது கண்ணு, பாத்துக்கிட்டே இரு!" என்றார். விடிகாலை சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. வந்திருந்த வீடியோவைத் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பார்த்தாள். மணலிலிருந்து ஜிவ்வென்று கிளம்பிய டிரோன், கொளுத்தும் வெயிலில் அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு சாய்ந்து பாய்ந்து, தகரக் கொட்டகை முன்னால் நின்ற பொம்மை மேல் எதையோ போட்டது. புகை. கைதட்டல். நடுவே அபிலாஷின் குரல். "சூடே ஏறலைங்க மிஸ்பா! ஆர்டர் நமக்குத்தான்!"

"பறந்துருச்சு!"

கூடமே அதிரக் கத்திவிட்டாள். ஓதல் நின்றது. பெரியம்மா தாஜுன்னிசா வாயில் கை வைத்தார்.

"மையத்து இன்னும் மண்ணுக்குப் போகலை. என்ன அம்மணி இது?"

மிஸ்பாவுக்கு வெட்கமே வரவில்லை. சந்தோஷம் தாங்க முடியவில்லை, அழுகையும் நிற்கவில்லை. இதை முதலில் சொல்ல வேண்டிய ஆள் இல்லையே! அறைக்குள் இருந்த அம்மா மெஹராஜிடம் ஓடினாள்.

"அம்மா, அத்தா ஜெயிச்சுப்போட்டாரும்மா!"

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது.

"அட! இதப் பாத்திருந்தா மனுசன் தெருவுல இறங்கிக் குதிச்சிருப்பாரே! இன்னொருக்கா போடு கண்ணு."

போட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இன்னொருக்கா."

இந்த முறை டிரோன் பாய்வதற்கு முன்பே அம்மா விரலால் தொட்டு நிறுத்தினாள்.

"அங்க நிக்கறது யாரு?"

"பொம்மைங்கம்மா. வைக்கோல்ல கட்டினது. குறி பாக்கறதுக்கு."

"சட்டை போட்டிருக்குதே."

"ஆமா. மனுசன் மாதிரித் தெரியோணுமில்ல?"

அம்மா திரையை விரித்துப் பெரிதாக்கினாள். கோடு போட்ட சட்டை. கசங்காமல் தேய்த்தது. யாரோ பொறுமையாகக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுவிட்டிருந்தார்கள்.

அபிலாஷின் அழைப்பு வந்து அந்தச் சட்டையை மறைத்தது. எத்தனை மோட்டார் வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான். மிஸ்பா ஆவலாகக் கையை நீட்டினாள்.

அம்மா போனைக் கொடுக்கவில்லை. அது அதிர்ந்துகொண்டே இருந்தது.