ஓஸ்வால்டின் ஆட்சேபம்

"ஆட்சேபம் இல்லையென்றால் சம்மதம் என்று கொள்ளப்படும்."

அறையே அதிரும்படி ஒரு பெண் குரல் கத்தியது. ஹரிஷ்குமாரின் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

"சாரி. நம்ம ஆளு கொஞ்சம் சத்தமா பேசுவா," என்றான் ஓஸ்வால்ட், லேப்டாப்பிலிருந்து கழன்ற ஹெட்ஃபோன் ஒயரைத் தடவிச் செருகியபடி. அவனுக்குப் பார்வை கிடையாது. திரையில் வருவதையெல்லாம் அந்தத் தமிழ்க் குரல்தான் படித்துச் சொல்லும். அதை ‘மைனா’வுக்குள் சேர்த்தவனும் அவன்தான்.

மைனா, கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள். சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்குவது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். ஓட்டெடுப்பு கிடையாது. காரணத்தோடு ஒருவர் ஆட்சேபித்தால்கூட எந்த விதியும் நிறைவேறாது.

அன்றைய விதியைக் கொண்டுவந்தவன் சஞ்சய். பெரிய கோப்பு எதையும் மைனாவோடு சேர்த்துத் தரக் கூடாது; வேண்டியவர்கள் பிறகு நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதன்படி தமிழ்க் குரல் வெளியே போகும். சின்னக் கோப்பான இங்கிலீஷ் குரல் தங்கும்.

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" கூட்டத்தை நடத்திய மமதா கேட்டாள்.

"எனக்கு இருக்கு," என்றான் ஓஸ்வால்ட்.

"சும்னே விடு குரு, இது ஒரு விஷயமா," என்றான் ஹரிஷ்குமார், சட்டையைத் துடைத்துக்கொண்டே. "அஞ்சு நிமிஷத்துல டவுன்லோட் ஆயிடும்."

"டவுன்லோட் பண்ண வைஃபை வேணும். பாஸ்வேர்டு எங்க போடணும்னு குரல்தான் சொல்லணும். குரல் எங்க இருக்கு? நெட்ல. நீ போய் எடுத்துட்டு வா, வெயிட் பண்றேன்."

"இங்கிலீஷ் குரல் இருக்கே. உனக்குத்தான் நல்லா வருமே," என்றான் சஞ்சய்.

"எனக்கு வரும். ஊருக்கு வெளிய ஹெப்பகோடியில நான் கம்ப்யூட்டர் சொல்லித் தர்ற பார்வையில்லாதவங்களுக்கு வராது. அங்க நெட்டும் இல்ல. அடுத்த மாசம் புது மைனாவை அவங்களே போட்டுக்கணும். மேடம், பஸ் போர்டுல கன்னடத்தை எடுத்துட்டு இங்கிலீஷ்ல மட்டும் எழுதினா நீங்க விட்டுடுவீங்களா?"

மமதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சஞ்சய்க்கு வரவில்லை.

"நூத்துல ஒருத்தர்கூட தமிழ்க் குரலை யூஸ் பண்ணல. இது டேட்டா ப்ரோ, சென்டிமென்ட் இல்ல."

"அந்த டேட்டா எங்கேர்ந்து வருது?"

"மைனா ஓடுற மெஷின் எல்லாம் அனுப்புது."

"எது வழியா?"

ஹரிஷ்குமார் துடைப்பதை நிறுத்தினான்.

"நெட் வழியா," என்றான் மெதுவாக.

"ஆங். நெட் இல்லாதவன் உங்க கணக்குலயே இல்ல. அப்புறம் அவனைக் காணோம்னு சொல்றீங்க."

சஞ்சய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ஒருத்தனுக்காக எல்லாரும் நிக்க முடியாது. ஆட்சேபத்தை வாபஸ் வாங்கு. இல்ல, தமிழுக்குன்னு தனியா ஒரு மைனா பண்ணிட்டுப் போ."

"வாங்க மாட்டேன். போகவும் மாட்டேன். இதுல என் உழைப்பும் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை கேட்டாலும் இதேதான். எழுதிக்கோங்க மேடம்."

மமதா எழுதிக்கொண்டாள். விதி அதோடு நின்றது. பேனாவை மூடிவிட்டு அவள் சஞ்சயைப் பார்த்தாள்.

"நெட் இல்லாத மெஷின் இந்தக் கணக்குல வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். சொல்லியிருந்தா நீங்களும் ஆட்சேபம் பண்ணியிருப்பீங்களே."