இடது புருவம்

"மெதுவா, மெதுவா. எந்த வண்டியைப் பிடிக்கப் போற?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில் அதட்டிக்கொண்டிருந்தாள் பாட்டு டீச்சர்.

மறுமுனையில் ஒரு மாணவி கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கி, அவர்களுக்கு முன்னால் போய் முடித்துவிட்டுக் காத்திருப்பவள் என்பதால் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சனிக்கிழமை பிரார்த்தனைக் கூடத்தில் மாணவர்களின் ஆண்டு நிகழ்ச்சி. இன்றைக்கு வியாழன். அறைக்குள் கட்டிலில் டீச்சரின் கணவர்.

"மறுபடி முதல்லேர்ந்து," என்றாள் டீச்சர்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். கழற்றிய ஆக்ஸிஜன் மாஸ்க் அவள் கையில் இருந்தது. போனில் எக்ஸ்பிரஸ் முதலிலிருந்து தொடங்கிவிட்டிருந்தாள்.

டீச்சருடைய கணவரின் காது பாட்டுக்கு ஆகாத காது. குக்கர் விசிலுக்கும் புல்லாங்குழலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பிரார்த்தனைக் கூடத்தின் மைக் செட் பல வருடங்களாக அவர் கையில்தான் இருந்தது. மனைவி பாட்டு டீச்சர் என்றால் புருஷனுக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று கமிட்டி நம்பியது. அவர் அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார். கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இடது புருவம் உயர்ந்தால் சத்தத்தைக் குறைப்பார். இரண்டும் உயர்ந்தால் அடியோடு நிறுத்திவிட்டு, ஒயரைக் கையில் எடுத்து உதறி, கோளாறு தேடுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

புருவம் பெரும்பாலும் உயர்ந்தது கூடத்தின் தலைவருக்காக. தலைவர் பாடுவார். யாரும் கேட்டுக்கொள்ளாமலே பாடுவார். ஒரு சுருதியில் கிளம்பி, வழியில் நாலைந்து சுருதிகளை நலம் விசாரித்துவிட்டு, சம்பந்தமில்லாத ஒன்றில் போய் இறங்குவார். தன் பாட்டுக்கு மட்டும் மைக் மக்கர் பண்ணுவதைக் கண்டு மனம் நொந்து, சொந்தச் செலவில் புது செட் வாங்கிக் கொடுத்தார். அதன் நெற்றியில் 'உபயம்' என்று தொடங்கி அவருடைய பட்டங்கள் அத்தனையும் பொறிக்கப்பட்டிருந்தன. குமிழ்களுக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம். செட் வந்த அன்றே டீச்சரின் கணவர், தலைவருடைய மைக்குக்கான குமிழ் கால்வாசிக்கு மேல் திரும்பாதபடி வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினார்.

"ஏன் அந்தத் தூண் மறைவுலேயே உட்கார்ந்திருக்கீங்க? முன்னால வாங்க, மேடை நல்லாத் தெரியும்," என்று தலைவர் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார்.

"இங்கேர்ந்தே தெரியுதுங்க," என்பார் இவர்.

இன்று காலையில்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னார்: "நான் போயிட்டா அவர் பாடுவாரே, டீச்சர்."

"விடியறப்பவே என்ன பேச்சு இது?"

"என் பெட்டி முன்னாடி வேணாம். எந்திரிச்சு வந்து குறைக்கவா முடியும்?"

"பாட மாட்டார். நான் பாத்துக்கறேன். பேசாம படுங்க."

"சொல்லிட்டே. வார்த்தை மாறக் கூடாது."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எக்ஸ்பிரஸ்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து டீச்சர் ஓரிடத்தில் நிற்கவில்லை. துவைத்த துண்டுகளை மறுபடி துவைத்தாள். நாற்காலிகளைச் சுவரோரம் போட்டாள். பிறகு நடுவில் போட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் உட்காரப் போகும் நேரத்தில் அவற்றை மறுபடி நகர்த்தினாள்.

"அம்மா, கொஞ்சம் உட்காரும்மா," என்றாள் மகள்.

"உட்கார்றேன். அந்தச் சின்னப் பையனோட அம்மாவுக்குப் போன் போட்டு நிகழ்ச்சிக்கு வெள்ளைச் சட்டைன்னு சொல்லிடறேன்."

"யாராவது சொல்லிக்குவாங்கம்மா."

"யாராவதுன்னா யாரு?"

தலைவர் வந்தார். "ஈடு செய்ய முடியாத இழப்பு," என்றார். போன வாரம் வேலையை விட்டுப் போன காவலாளிக்கும் இதையேதான் சொல்லியிருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சனிக்கிழமைக்கு எப்படியும் கூடம் தயாரா இருக்கு. நாற்காலி போட்டாச்சு. பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. நிகழ்ச்சியையும் அடக்கத்தையும் ஒண்ணா வெச்சுட்டா என்ன? போர்டுல 'இசை அஞ்சலி'ன்னு ஒரு வரி சேர்த்தா போதும்."

மகள் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "சரிங்க," என்றாள். நிகழ்ச்சி நின்றால் அவளும் நிற்க வேண்டியிருக்கும்.

"கடைசியா நான் ஒரு தனிப்பாட்டு பாடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நாலு வார்த்தை பேசுங்க, போதும்."

"பேச்சு தனியா இருக்கு."

"தொண்டை கட்டின மாதிரி இருக்கே."

"துக்கம்மா. சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

"பிள்ளைங்களே நிறையப் பேரு. நேரம் பத்தாது."

"ரெண்டு பிள்ளைங்களைக் குறைச்சுக்கலாம்," என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார் தலைவர்.

அன்று முழுக்க டீச்சர் வேறு வழி தேடினாள். கிடைக்கவில்லை. பாடுவதை நிறுத்த முடியாது. பாதி வாக்கையாவது காப்பாற்றலாம். பிளாஸ்திரி இருக்கிறது.

சனிக்கிழமை கூடத்தில் மைக் செட் முன்னால் அவளுடைய கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அண்ணனுக்குத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கிய வேலை.

"தம்பி, அந்தப் பிளாஸ்திரியை மட்டும் தொடாதே."

"ஏன் அண்ணி?"

"அதுக்கு மேல போனா செட் எரிஞ்சிடும்."

"சரிங்க அண்ணி," என்றான். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாத குடும்பம் அது. அவள் கீபோர்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நகத்தால் சுரண்டி உரித்து, நாற்காலிக் கையில் ஒட்டிவிட்டான்.

மேடைக்குக் கீழே பெட்டி. பெட்டியைச் சுற்றிப் பூ. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாசித்தார்கள். சிலர் பழக்க தோஷத்தில் வணங்கிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார்கள். பெற்றவர்கள் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். எக்ஸ்பிரஸ் வந்தாள். யாரும் எதிர்பாராத அளவுக்கு மெதுவாக வாசித்தாள். ஒவ்வொரு கட்டையையும் அழுத்திவிட்டு, அடுத்ததைத் தொட அனுமதி கேட்பவளைப் போல டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அவளுடைய விரல்களை மட்டும் பார்த்தாள்.

பிறகு தலைவர் பேசினார். மறைந்தவரின் இசை ஞானத்தைப் புகழ்ந்தார். தன் பாட்டென்றால் அவருக்கு உயிர் என்றார். பாடத் தொடங்கினார்.

முதல் வரியிலேயே கூடத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. டீச்சர் கீபோர்டில் சுருதியைப் பிடித்துக் கொடுத்தாள். தலைவர் அதை வாங்கிக்கொள்ளாமல் கடந்து போனார். இரண்டாவது வரியில் டீச்சரின் முகம் தானாகத் தூண் பக்கம் திரும்பியது. இடது புருவம் உயர்ந்தது.

கொழுந்தன் அதைப் பார்த்தான். அண்ணிக்குச் சரியாகக் கேட்கவில்லை போல என்று எண்ணி, குமிழை இன்னும் திருகினான்.

கைக்குழந்தை ஒன்று வீரிட்டது. டீச்சர் இரண்டு புருவங்களையும் உயர்த்தினாள். உயர்த்திவிட்டு, எப்போதும் காத்திருப்பதுபோல ஒரு நொடி காத்திருந்தாள். சத்தம் நிற்கவில்லை. அவள் குனிந்து, தலைவர் போகிற சுருதிக்கெல்லாம் விரல்களை மாற்றி மாற்றி வைத்து, கடைசிவரை பின்னாலேயே போனாள்.

"டீச்சரம்மா முகத்தைப் பார்த்தீங்களா? உருகிட்டாங்க," என்று இறங்கும்போது யாரிடமோ சொன்னார் தலைவர்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே போனார்கள். டீச்சர் ஒயர்களைச் சுருட்டப் போனாள். கொழுந்தன் போயிருந்தான், செட்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலிக் கையில் பிளாஸ்திரி சுருண்டு ஒட்டியிருந்தது. அதை எடுத்துக் குமிழில் ஒட்டிப் பார்த்தாள். பிசின் போய்விட்டிருந்தது. இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை விரலால் அழுத்திப் பிடித்தபடியே அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

நிமிர்ந்தாள். தூண் மேடையை முழுசாக மறைத்தது. தலைவர் நின்ற இடம் தெரியவில்லை. பிள்ளைகள் வணங்கி நின்ற இடமும் தெரியவில்லை. தூணுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கீபோர்டு ஸ்டூல் மட்டும் தெரிந்தது.

"அம்மா, வண்டி நிக்குது. எல்லாரும் காத்திருக்காங்க." மகள் வாசலில் நின்றாள்.

"அந்த ஸ்டூல்ல கொஞ்சம் உட்காரேன்."

"இப்பவா?"

"உட்காரு. ஒரு நிமிஷம்."

மகள் போய் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய இடது புருவம் மெல்ல உயர்ந்தது.

டீச்சர் குமிழை இடப்பக்கம் திருகினாள்.