வலதுபக்கப் பானை

1993ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, ஓடைக்கொட்டாய் சவுரியப்பன் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் எந்தப் பாட்டைப் போட்டாலும், பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் வருகிற இசையில் அவருடைய மனைவி சாலம்மாள் அவரைத் திட்டுவது கேட்கும். காதல் பாட்டு, சோகப் பாட்டு, மாதா கோயில் பாட்டு என்கிற பேதம் அதற்குக் கிடையாது. அந்த நேரத்தில் சாலம்மாள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கமாட்டார். கொல்லைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது பொம்மிடியில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருப்பார். ஓடைக்கொட்டாய் பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட ஊர். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று அங்குள்ள ஆண்கள் ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

சவுரியப்பன் ரயில்வேயில் கேங்மேன். ஜோலார்பேட்டை–சேலம் தடத்தில் பகல் முழுக்கச் சம்மட்டிச் சத்தமும் ரயில் சத்தமும் கேட்டுப் பழகிய காதுக்கு, தன் இஷ்டப்படி கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு சத்தம் வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஆசை. பொம்மிடி கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் மாயவன் அதைச் செய்து தர ஒப்புக்கொண்டார். இரண்டு மாதம், வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் சவுரியப்பன் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கிறவர் மாதிரி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேக்கு நிறத்தில் சன்மைகா ஒட்டிய பெட்டி; வால்யூம், பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ் என்று நான்கு திருகு; பாட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்குகிற சிவப்பு விளக்கு வரிசை. ஸ்பீக்கருக்கு மட்டும் மாயவன் பெட்டி செய்ய மறுத்துவிட்டார். "பெட்டியில வெச்சா பாட்டு தொண்டையில இருந்து வருங்க. பானையில வெச்சாத்தான் அடிவயித்துல இருந்து வரும்," என்றார். புதுப் பானை கணகணவென்று கத்தும், புழங்கின பானைதான் குரலைத் தாங்கும் என்பது அவருடைய கொள்கை. "மூடறதுக்கு முன்னாடி பானையக் கவுத்துப் போட்டு மூணு தட்டு தட்டிருங்க. உள்ள இருக்கறதெல்லாம் வெளிய போயிரணும்," என்றும் சொல்லி அனுப்பினார். அவர் தூசியைச் சொல்கிறார் என்று சவுரியப்பன் நினைத்துக்கொண்டார்.

இடது பக்கத்துக்குக் கம்பைநல்லூர்ச் சந்தையில் ஒரு புதுப் பானை வாங்கினார். வலது பக்கத்துக்காவது புழங்கின பானை வேண்டுமே என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, ஸ்பீக்கருக்கு அளவெடுத்த மாதிரி வாய் அமைந்த பானை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சாலம்மாள் சாம்பலும் வேப்பிலையும் கலந்து விதைக் கேழ்வரகு போட்டு வைத்திருந்த பானை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை களி கிண்டி வைத்துவிட்டுப் பூசைக்கு சாலம்மாள் போயிருந்த நேரம் பார்த்து விதையை ஒரு சிமெண்ட் பையில் கொட்டிவிட்டு, ஸ்பீக்கர் ஓரத்தில் பூசுவதற்கு எம்சீல் பிசையத் தொடங்கினார். திரும்பி வந்த சாலம்மாள் பானையைப் பார்த்தார். உள்ளே ஒரு மணியாவது மிச்சமிருக்கிறதா என்று தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். தலையை வெளியே எடுக்காமலேயே பேசினார். "ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா? வெதைக் கேவுரு போட்டு வெச்ச பானைய ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக்கிட்டீங்களே, வர்ற ஆடிக்கு எதைங்க வெதைக்கறது? பாட்டையா வெதைப்பீங்க?" இதற்குப் பிறகும் பானைக்குள்ளேயே ஏதோ முனகினார், ஆனால் எம்சீல் இறுகிக்கொண்டிருந்ததால் சவுரியப்பனுக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. மனைவி தலையை எடுத்ததும் ஸ்பீக்கரை வைத்து அமுக்கி, விளிம்பைச் சுற்றிப் பூசிவிட்டார். கவிழ்க்கவும் இல்லை, தட்டவும் இல்லை.

எல்லா வயரையும் மாட்டி முடித்து நிமிர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. பசியில் அவருக்குக் கண் இருட்டியது. சாப்பிடக் கூப்பிட ஒரு ஆள் இல்லையே இந்த வீட்டில் என்று குறைப்பட்டுக்கொண்டார். கூப்பிட்டேன் என்றார் சாலம்மாள். கூப்பிடவே இல்லை என்றார் இவர். மற்ற சண்டைகள் வந்தன, போயின. அன்றைக்குக் கூப்பிட்டாரா இல்லையா என்கிற இந்த வழக்கு மட்டும் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக அந்த வீட்டில் தீராமல் கிடந்தது.

முதல் பாட்டு போட்டபோது ஊரே வாசலில் உட்கார்ந்திருந்தது. சிவப்பு விளக்குகள் ஏறி இறங்கின, பல்லவி வந்தது, பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு வயலின்கள் வந்தன, வயலின்களுக்கு நடுவே சாலம்மாள் வந்தார். கேசட்டில்தான் கோளாறு என்று சவுரியப்பன் வேறொன்றைப் போட்டார். லிஸ்ட் எழுதிக் கொடுத்துச் சேலத்தில் பதிவு செய்து வாங்கி வந்திருந்த பதினோரு கேசட்டிலும் சாலம்மாள் இருந்தார். மறுநாள் மாயவன் சைக்கிளில் வந்து, இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, பெட்டியைத் திறக்காமலேயே, "தட்டலீங்களா?" என்றார். இனி எம்சீலைப் பெயர்த்தால் பானையும் போகும், ஸ்பீக்கரும் போகும், அந்தப் பேச்சு எங்கே போய் உட்காரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று எச்சரித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

பேச்சு வலது பானையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே பேலன்ஸ் திருகை முழுக்க இடது பக்கம் தள்ளினால் அது கேட்காது. சவுரியப்பன் அப்படித்தான் செய்தார். ஆனால் வயலினையும் புல்லாங்குழலையும் பதிவு செய்தவர்கள் வலது பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதனால் அவர் வருஷக்கணக்கில் வெறும் தபேலாவையும் பாடகரின் பாதிக் குரலையும் கேட்டு, ஆகா ஆகா என்று தலையாட்டினார். சாலம்மாள் வீடு கூட்டும்போது, பெட்டியைத் துடைக்கிற சாக்கில் திருகை நடுவுக்குக் கொண்டுவந்து வைப்பார். சவுரியப்பன் வேலைக்குப் போகும்போது இடது, திரும்பி வரும்போது நடு. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பக்கத்து வீட்டு முனியம்மாள் தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அந்த இடம் வரும்வரை ஸ்பீக்கருக்கு எதிரில் நிற்க வைத்தார். பிறகு தானும் ஒரு பானையோடு மாயவன் கடைக்குப் போய், அதற்குள் அரை மணி நேரம் பேசிவிட்டு உடனே மூடச் சொன்னார். சரக்கு அளவுக்கு மீறிப் போனதால் அந்தப் பானையில் தேனீ இரைச்சல் மாதிரி ஒன்றுதான் வந்தது. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் செட்டை இரவல் வாங்கிப் போனவர்கள் வீட்டில், சரணத்துக்கு முன்னால் விருந்தாளிகள் சாப்பிடுவதை நிறுத்தி இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் மாதா பாட்டுக்கு நடுவில் அதைக் கேட்டுவிட்டு, தீர்த்தத்தைப் பானை மேல் தெளிப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்து, கடைசியில் சவுரியப்பன் மேல் தெளித்தார். சிமெண்ட் பையில் கிடந்த விதையில் வண்டு விழுந்துவிட்டதால், அந்த ஆடிக்கு விதைக் கேழ்வரகும் அவரே கொடுத்தனுப்பினார்.

1995இல் பிறந்த மகள் யுவராணி, எல்லாப் பாட்டிலும் அம்மா உண்டு என்றே நினைத்து வளர்ந்தாள். சேலத்தில் கல்லூரி விடுதிக்குப் போனபோது, தெரிந்த பாட்டு ஒன்றைத் தோழியின் போனில் கேட்டாள். அந்த இடத்தில் வயலின் மட்டும் இருந்தது. யாரோ அம்மாவை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் அழுதாள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகி அரூரில் இருக்கிறாள், அரசு அலுவலகத்தில் வேலை. இன்றைக்கும் வெளியில் கேட்கிற பாட்டெல்லாம் அவளுக்கு உப்புக் குறைந்த மாதிரிதான்.

கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் போன் வந்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வயர் மட்டும் மாறியது. மாயவன் கடை செல்போன் உறை விற்கும் கடையானது. சிவப்பு விளக்கு வரிசையில் இரண்டுதான் மிஞ்சின. சாலம்மாளுக்கு நரைத்தது, முழங்கால் பிடித்துக்கொண்டது. பானைக்குள் இருந்தவருக்கு மட்டும் எப்போதும் இருபத்தாறு வயது. "யாருங்க இந்தப் பொம்பள, இவளுக்கு இவ்ளோ வாயி இருக்குது?" என்று சாலம்மாளே கேட்டுச் சிரிப்பார்.

2022இல் சவுரியப்பன் ஓய்வு பெற்றார். அதே வருஷம் சாலம்மாளின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. சேலத்தில் குரல்வளையை எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றியாயிற்று, பேச்சு இனி இல்லை என்றார் டாக்டர். இருபத்திரண்டு நாள் கழித்துக் கழுத்தில் வெள்ளைத் துணியோடு சாலம்மாள் வீடு திரும்பினார். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டினார். யுவராணி சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். சவுரியப்பன் ஆம்ப்ளிஃபயரின் மேல் ஒரு வேட்டித் துணியைப் போட்டு மூடினார். எட்டு மாதம் அதில் ஒரு பாட்டும் போடவில்லை. குரல் போனவருக்கு முன்னால் அந்தக் குரலைப் போட்டுக் காட்டுவது பாவம் என்று அவர் நினைத்தார். ஆசை இல்லாமல் இல்லை. முப்பத்தைந்து வருஷம் வெயிலில் தண்டவாளம் தூக்கிய மனிதர், அந்த ஒரு திட்டைக் கேட்க முடியாமல் கொல்லைக்குப் போய் அழுதிருக்கிறார். சாலம்மாளோ, இவர் எப்போது போடுவார் என்று தினமும் காலையில் துணியை எடுத்து மடித்து வைத்தார். சாயங்காலம் பார்த்தால் மறுபடி மூடியிருக்கும். தன் குரல் இவருக்கு அலுத்துவிட்டது என்று அவருக்குத் துக்கம்.

மறு வருஷம் தை மாதத்தில் ஒரு மதியம், பழைய சாமான் வாங்கும் சின்னராஜின் ஆட்டோ, பழைய இரும்பு, பழைய டி.வி., உடைந்த பிளாஸ்டிக் என்று பதிவு செய்த குரலில் கூவிக்கொண்டு வந்தது. சவுரியப்பன் அதை நிறுத்தினார். துணியை மடிக்கும்போதெல்லாம் மனைவி வேதனைப்படுகிறார், இந்தப் பெட்டி கண்ணில் படாமல் இருந்தால் நிம்மதியாக இருப்பார் என்று அவர் தானாகவே முடிவு செய்திருந்தார். சாலம்மாள் பின்பக்கம் களி கிண்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த முறையும் கேட்கவில்லை. சின்னராஜ் இடது பானையின் வயரைப் பிடுங்கி, அதைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். திரும்பி வந்து வலது பானை மேல் கை வைக்கும்போது சாலம்மாள் உள்ளே வந்தார். வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. கை தட்டினார், வண்டி போட்ட கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. உடனே நேராகப் பெட்டிக்குப் போய் ஸ்விட்சைப் போட்டு, பேலன்ஸை முழுக்க வலது பக்கம் திருப்பி, வால்யூமையும் முழுக்க வைத்தார். கேசட் இல்லை, போன் இல்லை. பாட்டில்லாமல் அந்தப் பெட்டியை அதுவரை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் வந்தது.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா? வெதைக் கேவுரு போட்டு வெச்ச பானைய ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக்கிட்டீங்களே, வர்ற ஆடிக்கு எதைங்க வெதைக்கறது? பாட்டையா வெதைப்பீங்க?"

சின்னராஜ் கையை எடுத்துவிட்டார். அவருடைய வண்டியின் குரலும் யாரும் அணைக்காமலேயே நின்றுபோனது. வழக்கமாக இந்த இடத்தில் சரணம் தொடங்கிவிடும். அன்றைக்குச் சரணம் வரவில்லை. பானைக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. அதன் பிறகு அதே இருபத்தாறு வயதுக் குரல், தணிந்து சொன்னது: "சரி உடுங்க. களி ஆறுது. கை கழுவிட்டு வந்து தின்னுட்டு, அப்பறமா அதைப் பண்ணுங்க."

சவுரியப்பன் பானையைப் பார்த்தார், சாலம்மாளைப் பார்த்தார். சாலம்மாள் கேஸ் ஜெயித்து கோர்ட்டிலிருந்து வெளியே வந்தவர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "கூப்ட்டுத்தான் இருக்கற," என்றார் சவுரியப்பன். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். முகத்தையும் ரொம்ப நேரம் கழுவினார். சின்னராஜும் கை கழுவினார், அந்தக் குரலுக்குப் பிறகு கழுவாமல் போக அவருக்குத் தைரியம் இல்லை. மூன்று பேரும் களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டார்கள்.

வண்டியிலிருந்து இறக்கும்போது இடது பானை உடைந்துவிட்டது. அதனால் அந்த வீட்டில் இப்போது வலது பக்கப் பாட்டு மட்டும்தான். இத்தனை வருஷமும் இந்த வயலினையெல்லாம் எங்கே வைத்திருந்தார்கள் என்று சவுரியப்பன் வருகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கிறார். தினமும் பன்னிரண்டரைக்குச் சாலம்மாள் பாட்டில்லாமல் ஸ்விட்சைப் போடுவார். முதலில் திட்டு வரும், பிறகு அழைப்பு வரும், அது கொல்லை வரைக்கும் கேட்கும். முனியம்மாள் அதைக் கேட்டுத் தன் வீட்டில் உலையை இறக்குவார்; தண்டவாளத்தில் வேலை செய்கிற இளவட்டங்கள் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். சவுரியப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருவார். கரண்ட் இல்லாத நாட்களில் மட்டும் மணி இரண்டானாலும் மூன்றானாலும் கொல்லை வரப்பிலேயே பசியோடு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், கூப்பிடாமல் எப்படிப் போய்ச் சாப்பிடுவது என்பார்.