மூன்று கடிகாரமும் சரியாக ஓடிய காலை

எங்கள் வீட்டில் மூன்று கடிகாரங்கள். மூன்றும் கூசாமல் பொய் சொல்லும். அடுப்படியில் இருப்பது இருபது நிமிடம் முன்னால் ஓடும்; என் மனைவி வைத்தது. கூடத்தில் பன்னிரண்டு நிமிடம். கல்யாணமாகிப் போன மகள் வைத்தது, ஏன் பன்னிரண்டு என்று கேட்டால் சிரிப்பாள். மாடியில் பதினைந்து; எங்களோடு இருக்கும் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வைத்தது. எது எவ்வளவு பொய் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பார்ப்போம், கழிப்போம், கிளம்புவோம். பதினோரு வருடத்தில் யாரும் எதற்கும் பிந்தியதில்லை.

நானோ ஆலை வாசலில் முப்பத்து நான்கு வருடம் வருகை அட்டையில் நேரம் குத்தியவன். ஒரு நிமிடம் பிந்தினாலும் சிவப்பு மை. சூரியனே அரை நிமிடம் தாமதமாக உதித்திருந்தால் அதற்கும் குத்தியிருப்பேன். ஓய்வு பெற்ற முதல் வாரமே இந்தப் பொய்கள் கண்ணை உறுத்தின. ஒரு மாலை, அக்காவும் தம்பியும் கடைக்குப் போயிருந்தபோது, வானொலி மணியோசைக்கு மூன்றையும் நொடி பிசகாமல் திருத்தினேன். மறுநாள் காலை காபியோடு அறிவித்து, எல்லோர் முகத்தையும் பார்த்து ரசிப்பதாகத் திட்டம்.

மறுநாள்தான் மச்சினனுக்கு வாழ்வா சாவா. இயற்பியல் ஆசிரியர், ஒன்பது வருடமாகத் தற்காலிகம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒரு நிரந்தர வேலை. பத்து மணிக்கு மூன்று பேர் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். தலைப்பு, ‘காலம் என்று ஒன்று உண்டா?’ இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். ரயில் எட்டு பத்துக்கு. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. கைப்பேசி எட்டிப் பார்க்காத காலம் அது. கைக்கடிகாரம் கட்டுவதில்லை என்பது அவன் கொள்கை.

சட்டையை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினான். “இன்னும் நேரம் இருக்கு. ஏழு நாப்பது.”

“ஏழு முப்பத்தஞ்சுதான்டா ஆகுது, உக்காரு” என்றாள் அவன் அக்கா, அடுப்படியிலிருந்து.

“ஏழு நாப்பத்து மூணு” என்றேன் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து. ஆமாம், நானேதான். திருத்தியது கை, கழித்தது வாய்.

சாதாரண வீடாக இருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். இவன் முகத்தில் விளக்கு எரிந்தது.

“பாத்தீங்களா அத்தான். எல்லாருக்கும் பொதுவா ஒரு ‘இப்போ’ கிடையாதுன்னு தொண்டை கிழியச் சொன்னேனே. போற வேகத்தப் பொறுத்து அது மாறும்.”

“நான் எங்கடா போனேன், இங்கயேதான நிக்கறேன்” என்றாள் அக்கா.

“உயரமும் காரணம்க்கா. மாடிக் கடிகாரம் கீழ இருக்கறத விட வேகமா ஓடும். நிஜமாவே. ஆனா வித்தியாசம் துளியூண்டு.”

“அடுப்படிக்கும் மாடிக்கும் அஞ்சு நிமிஷம் துளியூண்டாடா?” என்றேன்.

அவ்வளவுதான். பழைய கடித உறை ஒன்றை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டான். காபி ஆறியது.

“அத்தான், அஞ்சு நிமிஷம் வரணும்னா இந்த வீட்டுக்குப் பிரபஞ்சத்தை விட ரெண்டு மடங்கு வயசு இருக்கணும்.”

“பழைய வீடுன்னு வித்தவர் சொன்னார். இவ்வளவுன்னு சொல்லல.”

அப்போது ஊதியது ரயில்.

“என்னங்க இது, இன்னிக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு” என்றாள் மனைவி. கடிகாரங்களைத் திருத்தியதைச் சொல்லிவிட்டேன். காலம் என்று ஒன்று உண்டா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு அது மிச்சமில்லை என்பது அவள் பார்த்த பார்வையில் தெரிந்தது.

தெருமுனை பேக்கரி வேன் அந்த ஊருக்குத்தான் போகும். இருவரும் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே ஏறினோம். நூற்று நாற்பத்தேழு கடைகளில் நின்றது. மனைவி ஒன்பது என்பாள், அவள் வரவில்லை.

கல்லூரிக்குள் நுழைந்தபோது பத்து பதினாலு. அவன் முதுகெல்லாம் மாவு. மூவரில் நடுவில் இருந்த அம்மாள் கைக்கடிகாரத்தைத் தட்டினார். எனக்குச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. நான் கடைசி வரிசையில் பதுங்கினேன்.

அவன் எழுதி வந்ததைத் தொடவே இல்லை. பலகையில் மூன்று வட்டம் போட்டான். “நேத்து வரைக்கும் எங்க வீட்ல மூணு கடிகாரமும் தப்பு. யாரும் லேட்டானதில்ல. இன்னிக்கு மூணும் சரி. நான் லேட். அப்போ நேரம் முள்ளுல மட்டும் இல்ல. கடிகாரம், பார்க்கற ஆளு, ரயில், மூணுக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்தத்துல இருக்கு. ஒப்பந்தத்தைக் கலைச்சவர் அதோ, கடைசி வரிசையில.”

மூன்று தலைகளும் திரும்பின. எழுந்து வணக்கம் சொன்னேன்.

“எல்லாம் ஒப்பந்தம்னா, ரயில் போனதும் ஒப்பந்தமா?” என்றார் அம்மாள்.

அவன் சுண்ணக்கட்டியை உருட்டினான்.

“இல்லங்க. அது போயிடுச்சு, திரும்பாது. அது ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதைத்தான் பசங்களோட சேர்ந்து யோசிக்கணும்னு ஆசை.”

அம்மாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். “மேல சொல்லுங்க.”

வேலை கிடைத்தது. புண்ணியம் என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் கடிகாரங்கள் மறுபடி முன்னால் ஓடுகின்றன. மனைவி தினம் ஒரு கணக்கில் மாற்றுகிறாள். எவ்வளவு என்று கெஞ்சிக் கேட்டேன்.

“சொன்னா கழிச்சிடுவீங்க.”

இப்போதெல்லாம் எங்கே போனாலும் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கிறோம்.