இழுத்தால் அவிழும் முடிச்சு

மழை விட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான்காவது வீட்டின் முன்பக்கப் புல்தரையில் சின்னவன் புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனான். பின்னாலேயே அண்ணி வாரியோடு நடந்து, வெட்டி விழுந்ததை இழுத்து இழுத்துக் குவித்தாள். வெயில் காலத்தில் தூசு மாதிரி பறக்கிற புல் மழைக்காலத்தில் பிசைந்த களிமண் மாதிரி ஒட்டியது. பத்தடிக்கு ஒருதரம் வெட்டின புல் வெளியே விழுகிற பக்கவாய் அடைத்துக்கொண்டது.

அவளைக் கம்பெனி வேனில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னவன் அவளுக்குக் கொழுந்தன். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. அவள் புருஷன் லாரியில் ஏறிப் போய் மூன்று வருஷம் ஆகிறது. லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அவளையும் மாமியாரையும் சின்னவனையும் புல்தான் காப்பாற்றியது.

"அண்ணி, இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு உங்க பாவாடை நாடாதான் புல் வெட்டுது, தெரியும்ல?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. யாராச்சும் கேட்டா மானம் போயிரும்."

"மானம் போனா போவுது, நாடா போகாம பாத்துக்கங்க."

மெஷினின் கைப்பிடிக்குக் கீழே ஒரு கம்பி உண்டு. அதைக் கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் எஞ்சின் ஓடும். கையை எடுத்தால் நின்றுவிடும். ஓடுகிற பிளேடுக்குள் கை போகக் கூடாதென்று மெஷின் செய்தவன் வைத்தது. ஆனால் நின்ற எஞ்சினுக்கு மறுபடி உயிர் வர ஸ்டார்ட்டர் கயிற்றை ஐந்தாறு தரம் இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் ஆறு வீடு தாண்டாது.

வேனைவிட்டு இறங்காத சூப்பர்வைசருக்கு ஹாரன் என்று பெயர். ஒரு அடி அடித்தால் சீக்கிரம், இரண்டு அடித்தால் வேனுக்கு வா, மூன்று அடித்தால் பெரிய ஆபீசர் வருகிறார். பருவம் தொடங்கின முதல் வாரம் ஆறு வீட்டோடு பொழுது போனபோது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அந்தக் கம்பிய எதையாவது வச்சுக் கட்டித் தொலைங்கடா. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?" என்றான். கட்டுக்கம்பி குத்தியது, பிளாஸ்டிக் கயிறு வழுக்கியது. அண்ணி கொண்டுவந்த பருத்திப் பாவாடை நாடாதான் நின்றது. இரண்டு சுற்று சுற்றி, காது மாதிரி ஒரு வளையம் மட்டும் விட்டு முடிச்சுப்போட அண்ணிதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். வாலைப் பிடித்து ஒரே இழுப்பு, அவிழ்ந்துவிடும். மூன்று ஹாரன் கேட்டதும் நான்கு மெஷினிலும் நான்கு நாடாவும் ஒரே நொடியில் மடிக்குள் போகும். அடைப்பு எடுக்கவும் அப்படித்தான். இழு, எஞ்சின் நிற்கும், அடைப்பை எடு, கட்டு.

மழை நின்றுவிட்டால் கம்பெனிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். அந்த மூன்றில் சின்னவன் போன வருஷம் இருந்தான். இந்த வருஷமும் இருக்க வேண்டுமென்றால் பதினோரு வீடு.

மல்லுக்கட்டித் தள்ளிக்கொண்டு போனவன் சட்டென்று நின்றான். மெஷின் திணறியது. பக்கவாயில் பச்சைக் கட்டி துருத்திக்கொண்டிருந்தது. அண்ணி கட்டிவிட்ட முடிச்சின் வாலை அவன் இழுத்தான். மறுபடி இழுத்தான்.

"அண்ணி, அவிழ மாட்டேங்குது."

"நனஞ்சு இறுகியிருக்கும். இரு, இதக் கொட்டிட்டு வர்றேன். பல்லால கடிச்சாத்தான் வரும்."

அவள் கைநிறையப் புல்லோடு பத்தடி தள்ளி இருந்தாள். வேனிலிருந்து ஹாரன் அடித்தது. ஒன்று. அது முடிவதற்குள் இன்னொன்று, நீளமாக.

"வர்றோம்யா, வர்றோம். பொண்டாட்டிய பிரசவத்துக்கா கூட்டிட்டுப் போறே?" என்று முனகிக்கொண்டே சின்னவன் குனிந்தான்.

சத்தம் மாறியது. கல் மாட்டினால் கேட்கிற சத்தம் இல்லை. அவன் கத்தவில்லை, கையைத்தான் பார்த்தான். முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி ஓடிவந்து கைப்பிடியின் மேல் விழுந்து முடிச்சைப் பல்லால் கடித்தாள். பெட்ரோலும் புல்சாறும் வாயில் கசந்தன. மூன்றாவது கடியில் முடிச்சு விட்டது. எஞ்சின் நின்றது. நாடா அவள் பல்லில் தொங்கியது.

ஹாரன் வேனைவிட்டு இறங்கி வந்தான். அந்தப் பருவத்தில் அவன் இறங்கியது அதுதான் முதல் தடவை. வந்ததும் அவளிடம் கையை நீட்டினான்.

"குடு."

மணிக்கட்டில் இறுக்கிக் கட்டத்தான் கேட்கிறான் என்று அவள் கொடுத்தாள். அவன் அதைச் சுருட்டித் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவள் முந்தானையைக் கிழித்தாள்.

வீட்டுக்கார அம்மா வாசல்வரை வந்து நின்றாள். "ஐயையோ. பிள்ளைங்க பாத்துரப் போகுது, சீக்கிரம் கூட்டிட்டுப் போங்கப்பா." இரண்டு பேராகச் சின்னவனை வேனில் ஏற்றும்போது பின்னாலிருந்து மறுபடி கூப்பிட்டாள். "ஏம்மா, போறதுக்கு முன்னாடி அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் தண்ணி அடிச்சு விட்ருங்க. குழாய் அங்கதான் இருக்கு."

அடுத்த வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன் ஓடிவந்து குழாயைத் திறந்தான்.

ஆஸ்பத்திரி டாக்டருக்கு வயசு கொஞ்சம்தான். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார். "மூணு விரல் இல்ல. கட்டைவிரல் தப்பிச்சிருச்சு. ஆள்காட்டி தோல்ல தொங்குது. அது ஒண்ணு நின்னாப் போதும், ரெண்டும் சேர்ந்து ஒரு சாமானப் பிடிக்கும், பட்டன் போடும், சாப்பிடும். இல்லேன்னா அது கையில்ல, கட்டைதான். பெரிய ஆஸ்பத்திரில தச்சிருவாங்க. ஆனா ஆறு மணிக்குள்ள அங்க இருக்கணும். வேலையில அடிபட்டதுன்னு கம்பெனி லெட்டர் இல்லாம அவங்க உள்ள எடுக்க மாட்டாங்க."

மணி பன்னிரண்டரை.

ஹாரன் நடைபாதை பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் டீ கொடுத்தான். மூன்று பருவத்தில் அவன் கையால் வாங்கின முதல் டீ. அவளை "ஏ வாரி" என்று கூப்பிடுகிறவன், "இங்க பாரும்மா" என்றான்.

"லெட்டர் வாங்குறது ஒரு பெரிய விஷயமே இல்ல. இந்தப் பாரத்த நிரப்பணும், அவ்வளவுதான். நீதான் பக்கத்துல இருந்தே, நீ எழுதணும்."

அவள் வாங்கிப் படித்தாள். எட்டாவதுவரை படித்தவள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மெஷின். அதற்குக் கீழே ஒரு கேள்வி: பாதுகாப்புக் கம்பி கட்டப்பட்டிருந்ததா? ஆம் எனில் கட்டியவர் யார்?

"நாடா உங்க பாக்கெட்லதான சார் இருக்கு?"

"அத விடு. கட்டுனது நீன்னு எழுதினா உன்னையும் அனுப்பிருவாங்க. அப்புறம் வீட்டுல அடுப்பு எரியுமா? நான் சொல்லிக் கட்டுனதுன்னு எழுதினா என்ன உக்கார வச்சு விசாரணை வைப்பாங்க. விசாரணைன்னா மூணு மாசம். விரல் மூணு மாசம் காத்துக்கிட்டு இருக்குமா? அவனே கட்டிக்கிட்டான்னு போடு. அடிபட்டவன யாரு என்ன கேக்கப் போறா? ஒரு மணி நேரத்துல லெட்டர் கையில."

"வந்துரும்ல?"

"நான் இருக்கேன்ல?"

அவள் பேனாவை வாங்கினாள். திரைக்கு அந்தப்பக்கம் சின்னவன் மயக்கத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். பதினோரு வீடு, பதினோரு வீடு என்பது மட்டும் காதில் விழுந்தது. 'என் கொழுந்தன் தானே கட்டிக்கொண்டார்' என்று எழுதினாள். ஒரு புள்ளிகூட மறக்காமல் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் கையெழுத்துக்கு எப்போதும் நல்ல பெயர்.

கம்பெனி ஆபீசில் குளிர் அடித்தது. மேஜைக்கு அடியில் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்கள். அதை வாரவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். ஈரச் செருப்போடு மிதிக்கப் பயந்து அவள் ஓரமாக நின்றாள். மேஜையில் இருந்த பெண் பாரத்தை இரண்டு தரம் படித்தாள், உள்ளே எடுத்துப் போனாள், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"லெட்டர் தர முடியாதுங்க அக்கா."

"ஏம்மா?"

"அவரே கம்பியக் கட்டியிருக்காரு. சொந்தத் தப்புல வந்த காயத்துக்குக் கம்பெனி பொறுப்பில்ல. விதி அப்படித்தான் இருக்கு."

அண்ணி திரும்பி ஹாரனைப் பார்த்தாள். அவன் போனில் எதையோ மேலே தள்ளிக்கொண்டிருந்தான்.

"அவன் கட்டலம்மா. நான் கட்டுனேன். சார்தான் கட்டச் சொன்னாரு. எல்லா மெஷின்லயும் கட்டியிருக்கு, போய்ப் பாருங்க."

"இப்ப மாத்திச் சொல்றீங்களே." அந்தப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது. "இது உங்க கையெழுத்துதான? அப்ப பொய் எழுதிக் குடுத்தீங்களா? பொய்னா உங்க மேலயும் எழுதணும்."

"என் மேல எழுதுங்க. எழுதிட்டு லெட்டரக் குடுங்க."

"அதுக்கு விசாரணை வைக்கணும் அக்கா."

"எத்தன நாளு?"

"மூணு மாசமாச்சும் ஆகும்."

"மூணு மாசம்தான் ஆகும்னு நானும் சொன்னேன்ல?" என்றான் ஹாரன், போனைவிட்டுத் தலையை எடுக்காமல்.

அவள் பிளாஸ்டிக் புல்லை மிதித்துக்கொண்டு போய் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "பாவி, உன் ஹாரன்தான்டா அவன் கைய உள்ள தள்ளுச்சு!" என்று கத்தினாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். வாசல் வாட்ச்மேன் வந்து மரியாதையாகத்தான் அவள் தோளைத் தொட்டான்.

ஐந்தே முக்காலுக்கு அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். காலியாக இருந்தது. நர்ஸிடம் திரும்பி, "அதையும் எடுத்துரலாம், தயார் பண்ணுங்க" என்றார்.

மாமியார் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள், "உன் நாடா என் பிள்ள கையத் தின்னுச்சு, உன் எழுத்து மிச்சத்தையும் தின்னுருச்சு" என்றாள். அண்ணி சோற்றைப் பிசைந்து சின்னவன் முன்னால் வைத்தாள். அவன் இடது கையால் ஸ்பூனைப் பிடித்து, பாதியைச் சட்டையில் சிந்தினான்.

"என்னதான் எழுதுனீங்க அண்ணி?"

அவள் சொன்னாள். ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

அவன் ஸ்பூனைத் தட்டில் வைத்தான். "என்கிட்ட குடுத்திருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பேன். என்ன, என் கையெழுத்துக்கு டாக்டர் வந்தாத்தான் படிக்க முடியும்." அவன் சிரித்தான். அவள் எழுந்து வெளியே போய் நின்றாள்.

இருபதாம் நாள் ஹாரன் ஆள் அனுப்பினான். சின்னவனின் பெயரை எடுத்தாகிவிட்டது. மழை இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அண்ணி வாரியை விட்டுவிட்டு மெஷினுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தான். வர முடியாதென்றால் வேறு ஆள் இருக்கிறது.

மறுநாள் விடியற்காலை அவள் கிளம்பும்போது சின்னவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் அவனுடைய வேலை பூட்ஸ். கட்டுப்போட்ட மணிக்கட்டால் பூட்ஸை முழங்காலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையாலும் பல்லாலும் நாடாவை ஒவ்வொரு ஓட்டையாக உருவிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றே?"

"இனிமே இத யாரு கட்டப் போறா?" கடைசி ஓட்டையிலிருந்து நாடா வெளியே வந்தது. அவளிடம் நீட்டினான். "நைலான் அண்ணி. நனஞ்சா இறுகாது. நான் தண்ணில போட்டு இழுத்துப் பாத்துட்டேன்."

அவள் வாங்கவில்லை. அவன் அதைச் சுருட்டி அவள் சாப்பாட்டுப் பையில் போட்டான்.

வேனில் ஏறுவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 'பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன்' என்று அதில் இருந்தது. பயிற்சி என்று எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு மெஷினின் கைப்பிடியிலும் புதிதாக மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் ஐந்து விரலும் விரித்த கை, கீழே 'கம்பியைக் கட்டாதீர்'. எத்தனை வீடு என்று அவள் கேட்டாள். "எப்பவும் போலதான். அதுல என்ன சந்தேகம்?" என்றான் ஹாரன்.

மூன்று வீடு வரைக்கும் கம்பியைப் பிடித்தே ஓட்டினாள். விரல்கள் மடங்கினபடியே மரத்துப்போயின. இருபத்தெட்டு தடவை எஞ்சின் நின்றது. கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கையில் தோல் வழன்றது. நான்காவது வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. முன்பக்கப் புல் எங்கும் ஒரே பச்சையாக வளர்ந்திருந்தது. எந்த இடம் என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

பாதியில் பக்கவாய் அடைத்தது. எடுத்தாள். கயிற்றை இழுத்தாள், வரவில்லை. வேனிலிருந்து ஹாரன் அடித்தது.

அண்ணி சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். நாடாவை எடுத்துப் புல்லோரம் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் முக்கி, கம்பியையும் கைப்பிடியையும் சேர்த்து இரண்டு சுற்று சுற்றி, ஒரு காது விட்டு முடிந்தாள். வாலைப் பிடித்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது.

புதிதாக வாரிக்கு வந்திருந்தவள் எட்டிப் பார்த்தாள். "எதுக்குக்கா அது?"

"அப்புறம் சொல்லித் தர்றேன்."

மறுபடி கட்டினாள். ஸ்டிக்கரில் இருந்த விரல்களின் குறுக்கே நாடாவிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஹாரன் இன்னொரு தடவை அடித்தது, நீளமாக. அவள் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.