முகத்துவாரத்தின் ஆழம்

முகத்துவாரத்தில் ஆழம் அளப்பது அவள் வேலை. பதினொரு வருடமாக இதைத்தான் செய்துவந்தாள். சித்தப்பா படகை ஓட்டுவார். அவள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, எண்ணைக் குறித்துக்கொள்வாள்.

நாடு இரண்டாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. மலைப்பக்கம் எதிரணியின் கையில். அங்கே அவர்களுக்குத் துணை என்று கணவாய் வழியாகப் பக்கத்து நாட்டுப் படை முதல் மாதமே இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் வாக்கப்பட்ட அக்கா, மகன் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது பீரங்கி நிற்கிறது என்று போனில் அழுதாள். கடற்கரைப் பக்கம் மட்டும் அந்நியர் யாரும் வரவில்லை. முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்மேட்டைத் தாண்டிப் பெரிய கப்பல் நுழைய முடியாது.

இந்த வருட வெள்ளம் அந்த மேட்டை அரித்துக்கொண்டு போய்விட்டது. ஏழு மீட்டர் இருந்த இடத்தில் கயிறு பதினான்கு வரை இறங்கியது. இனிப் பெரிய கப்பலும் உள்ளே வரலாம்.

மறுநாள் காலை துறைமுக அதிகாரி, கடல் கடந்து வந்த வேறொரு நாட்டுக் கடற்படையினர் இருவரை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தார். மலைக்காரர்களிடமிருந்து நம்மைக் காக்க வந்த நண்பர்கள் என்றார். நண்பர்கள் உட்காரக்கூட இல்லை. ஆழம் எவ்வளவு என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள்.

"ஆழம் தெரியாம காலை விடமாட்டாங்க போல," என்று சித்தப்பா அவள் காதருகே முணுமுணுத்தார்.

"ஏழு," என்றாள் அவள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் அந்த வெளிநாட்டவர்களின் படகே ஆழம் அளக்கும் கருவியோடு முகத்துவாரத்தைச் சுற்றியது. அதிகாரி அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா இப்படிச் செஞ்சே?"

"கணவாய் இருந்ததாலதான் சார் அக்கா ஊருக்குப் படை வந்துச்சு. இங்க வழி இல்லேன்னா வரமாட்டாங்க, எம் பிள்ளைங்களாவது தப்பிச்சுக்கும்னு நெனச்சேன்."

பழைய நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று சமாளித்திருப்பதாக அவர் சொன்னார். "இன்னொரு தடவை நம்ப மாட்டாங்க. கப்பலுக்கு வழி காட்டுற மிதவையை நீயே போடணுமாம்."

போட்டாள். பதினெட்டு மிதவைகள். பின்னாலேயே துப்பாக்கிகளோடு ஒரு படகு வந்தது.

அடுத்த வாரம் பட்டப்பகலில் மூன்று போர்க்கப்பல்கள் மிதவைகளுக்கு நடுவே உள்ளே வந்தன. கரையில் சிலர் கைதட்டினார்கள். சாயங்காலம் அக்கா போன் செய்தாள். பள்ளிக்கூடத்துப் பீரங்கியைக் கடல் பக்கமாகத் திருப்பிவிட்டார்களாம்.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு எங்கயாவது போயிடுடி," என்றாள்.

எங்கே என்று அக்காவுக்கும் தெரியவில்லை. இவள் போனை வைத்துவிட்டு, பிள்ளைகளின் துணிகளை அவசரமாகப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.